ஒட்டாகோ மலையில் முயல்: ஏழு நாள் குறிப்பு

ஏப்ரல் 22, 2024, திங்கள்: அலெக்சாண்ட்ரா போகும் வழி

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ வட்டாரத்து டனீடின் விமான நிலையத்தில் இறங்கும்போது காலை பத்து மணி. இரண்டு இரவாகத் தூக்கமில்லை. தம்பி கையில் ஒரு கம்பளிச் சட்டையோடு நின்றான். "அக்கா, முதலில் இதைப் போட்டுக்கொள். மற்றதை வண்டியில் பேசலாம்" என்றான். வெளியே வந்ததும் அவன் சொன்னது புரிந்தது. கோவில்பட்டியில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, இங்கே இலையுதிர்காலம். காற்று காதைக் கிள்ளியது.

டனீடின் நகரிலிருந்து தம்பியின் ஊரான அலெக்சாண்ட்ராவுக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். வழியில் லாரன்ஸ் என்ற சிற்றூரில் நிறுத்தினோம். 1861இல் அருகிலுள்ள கேப்ரியல் ஓடையில் தங்கம் கிடைத்த பிறகு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கிய ஊர் இது. இன்றைக்குத் தெருவில் நான்கு பேரைப் பார்த்தாலே அதிகம். இந்தத் தென்பகுதிக்கே உரியது 'சீஸ் ரோல்' என்று தம்பி வாங்கிக் கொடுத்தான். ரொட்டித் துண்டில் பாலாடைக் கலவையைத் தடவி, பாய் போலச் சுருட்டி, வாட்டி, மேலே வெண்ணெய் பூசியிருந்தார்கள். நான்கரை டாலர். நம் பணத்துக்கு இருநூறு ரூபாயைத் தாண்டும். பசிக்கு நன்றாகவே இருந்தது.

ராக்ஸ்பரோவைத் தாண்டியதும் பச்சை குறைந்து, மலைகள் எலும்பாகத் தெரியத் தொடங்கின. சாலையோரப் பழத்தோட்டத்தின் வாசலில் பேரிக்காய்ப் பைகளை அடுக்கி, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியை வைத்திருந்தார்கள். காவலுக்கு யாரும் இல்லை. பை நான்கு டாலர். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்டிக்குப் பூட்டுகூடப் பெயருக்குத்தான் இருந்தது. இரண்டு பை எடுத்தோம்.

அதன் பிறகு சாலையில் நசுங்கிக் கிடந்த முயல்களை எண்ணத் தொடங்கி, பதினேழில் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பருந்து உட்கார்ந்து, வண்டி நெருங்கிய பிறகே சலிப்போடு எழுந்தது. இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் இதற்குக் காஹு என்று பெயராம்.

மாலையில் தம்பி வீட்டுப் பின்கட்டில் தேநீரோடு நின்றேன். எதிர்ச்சரிவில் சரளைக்கல் உருள்வது போல இருந்தது. கண்ணை ஊன்றிப் பார்த்தால், அத்தனையும் முயல்.

ஏப்ரல் 23, செவ்வாய்: மலைச்சரிவும் முழுநிலவும்

இன்று சித்ரா பௌர்ணமி. ஊரில் ஆற்றங்கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்திருப்பார்கள். நான் காலை எட்டு மணிக்கு உறைபனியில் நொறுங்கும் புல்லை மிதித்துக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்கு நடந்தேன்.

பண்ணைக்காரருக்கு எழுபத்து மூன்று வயது. மெரினோ ஆடு வளர்க்கிறார். அவரும் மனைவியும் முதல் நிமிடத்திலேயே, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார்கள். அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தக் குறிப்பிலும் அவர் பெரியவர்தான், அவர் மனைவி அம்மாள்தான்.

பெரியவர் என்னை மலைக்கு மேலே கூட்டிப்போனார். அடுக்கடுக்காகப் பிளந்து நிற்கும் சிஸ்ட் பாறை, அதன் இடுக்கெல்லாம் வளை. ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும் இடம். கரிசல்காட்டில் பிறந்த எனக்கே அது குறைவு. முயல் வலையால் அடைத்த ஒரு வேலியைக் காட்டினார். வேலிக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல். அந்தப் பக்கம் முயல் புழுக்கையும் வெறும் மண்ணும். முயல் தொடாத தைம் செடி மட்டும் மணத்துக்கொண்டு நின்றது. தைம்கூட வந்தேறிதான், தங்கம் தேடி வந்தவர்களோடு வந்தது. பத்து முயல் ஓர் ஆட்டின் தீனியைத் தின்றுவிடும் என்பது இங்குள்ளவர்களின் கணக்கு. அந்த வேலியருகே நின்று பார்த்தால் கணக்கே வேண்டாம்.

முயல் இந்த நாட்டின் விலங்கே அல்ல. ஐரோப்பியக் குடியேறிகள் கறிக்காகவும் வேட்டைக்காகவும் கொண்டுவந்து விட்டார்கள். 1870களில் தென்தீவில் பெருகி, புல்வெளியைச் சுரண்டித் தின்று, ஆட்டுப் பண்ணைகளைக் கைவிட வைத்தது. 1876இல் முயல் தொல்லைச் சட்டம் வந்தது. 1880களில் முயலைத் தின்னட்டும் என்று ஸ்டோட், வீசல், ஃபெரெட் என மூன்று ஊனுண்ணிகளை இறக்கினார்கள். அவை முயலோடு நிற்காமல் பறக்கத் தெரியாத நாட்டுப் பறவைகளையும் தின்றன. அந்தப் பாவம் இன்றும் தீரவில்லை. 1997இல் முயலைக் கொல்லும் வைரஸைக் கொண்டுவர அரசு அனுமதி மறுத்தபோது, யாரோ அதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். செத்த முயலின் ஈரலை வீட்டுச் சமையலறை மிக்சியில் அரைத்து, தீனியில் கலந்து, மலைகளில் தூவினார்களாம். பெரியவர் இதைச் சொல்லும்போது தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வட்டார நிர்வாகம் வைத்திருக்கும் அளவுகோலில் ஒரு நிலைக்கு மேல் முயல் பெருகினால் குறைத்தாக வேண்டியது நிலத்துக்காரரின் கடமை. இரவுதோறும் துப்பாக்கியோடு சுற்றுவது இவருக்குப் பொழுதுபோக்காக இல்லை. களை எடுப்பது போன்ற வேலை.

அன்று இரவே கூட்டிப்போனார். தம்பிக்கும் துப்பாக்கி உரிமம் இருக்கிறது. துப்பாக்கி .22 ரைஃபிள், முனையில் சத்தம் அடக்கும் குழல். பெரியவர் அதை இரும்புப் பெட்டகத்தில் பூட்டிவைக்கிறார். குண்டை ஏற்றும் இயங்கு தண்டைத் தனியாக வேறிடத்தில். நான் பின்னிருக்கையில் போர்வைக்குள் இருந்தேன். நிலவு பால் போலக் கொட்டியது. இவ்வளவு வெளிச்சத்தில் முயல் நிற்காது என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். தொலைவிலேயே வண்டியைக் கண்டு ஓடின. இரண்டு மணி நேரத்தில் ஆறு விழுந்தன.

ஆறும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. வண்டி திரும்பிவிட்டது.

எனக்கு நெஞ்சை அடைத்தது. "எடுக்க மாட்டார்களா?" என்று தம்பியிடம் கேட்டேன். "நூற்றுக்கணக்கில் சுடுகிறார்கள், அக்கா. எத்தனையை எடுப்பது?" என்றான். தூங்க வெகுநேரமாயிற்று. என் அப்பா மழைக்காலத்தில் வலைகட்டி முயல் பிடித்துவருவார். ஒரே ஒரு முயல். அதை ஆறு பேர் தின்போம், தலை எலும்பு வரை. இன்று நம் நாட்டில் காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். எங்கள் காட்டில் இப்போது முயலைப் பார்ப்பதே அரிது. இங்கே கொல்லாமல் விடுவது குற்றம். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏப்ரல் 24, புதன்: ஓஃபிர்

ஊர்சுற்றிப் பார்க்கும் நாள். ஓஃபிர் என்னும் ஊரில் 1886இல் கட்டிய கல் அஞ்சலகம் இருக்கிறது. 1995 ஜூலையில் அந்த ஊரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 21.6 டிகிரி வரை போனதாம். இன்று பளீரென்று வெயில். பாப்லார் மரங்கள் மஞ்சளரைத்துப் பூசியது போல நின்றன.

திரும்பும்போது சரளைச் சாலையில் கூர்ங்கல் குத்தி டயர் போயிற்று. மாற்று டயரிலும் காற்று இல்லை. கைப்பேசியில் சிக்னலும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து ஒரு பழைய டிரக் வந்தது. பின்னால் இரண்டு நாய்கள், ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கும் முயல்கள். ஓட்டிவந்தவர் ஒன்றும் கேட்காமல் இறங்கி, காற்றடிக்கும் கருவியை எடுத்து, டயரை மாற்றி முடிக்கும்வரை முழங்காலில் இருந்தார். பணம் நீட்டியபோது முகம் வாடியது. பேரிக்காய்ப் பையைக் கொடுத்தேன், மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்.

அந்தக் கம்பியில் முயல்களைத் தொங்கவிட்டிருந்த விதத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஒரு பின்னங்காலில் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே சிறு கீறல் போட்டு, மற்றக் காலை அதற்குள் நுழைத்துவிட்டால் இரண்டும் கொக்கி போலப் பிணைந்துகொள்ளும். கயிறே வேண்டாம். குடலைச் சுட்ட இடத்திலேயே எடுத்துவிட்டு, தோலை மட்டும் விட்டிருந்தார். தோல் இருந்தால் ஈ அண்டாது, கறி காயாது என்றார். எல்லாம் அவருடைய நாய்களுக்கு.

மாலையில் பெரியவரிடம் கேட்டேவிட்டேன், ஏன் எடுப்பதில்லை என்று. அவர் கோபப்படவில்லை. முயலுக்கு விலை வைத்த காலம் ஒன்று இருந்தது என்றார். தோலையும், டப்பாவில் அடைத்த கறியையும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தார்கள். என்ன நடந்தது? கண்ணி வைத்துப் பிழைத்தவர்கள் அடுத்த ஆண்டுக்கும் பிழைப்பு வேண்டுமே என்று சினை முயலை விட்டுவிட்டார்கள். முயல் ஒழியவில்லை, பயிராயிற்று. அதனால் 1947க்குப் பிறகு, முயலால் யாருக்கும் ஒரு காசும் கிடைக்கக் கூடாது என்பதையே அரசு கொள்கையாக்கியது. கடைசி முயல் வரை கொல்ல வேண்டும் என்பது நோக்கம். கடைசி முயல் இன்னும் வரவில்லை. "நீங்கள் நினைப்பது போல எல்லோரும் தின்னத் தொடங்கினால், எல்லோரும் வளர்க்கத் தொடங்குவார்கள்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. நிலம் அவருடையது, அனுபவமும் அவருடையது. ஆனாலும் என் கண்ணெதிரே விழுவதையாவது அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவர் சற்று யோசித்தார். "எத்தனையை உங்களால் உரிக்க முடியுமோ அத்தனையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஏப்ரல் 25, வியாழன்: அடைத்த கடைகளும் பெருமுயலும்

இன்று அன்சாக் நாள். போரில் இறந்தவர்களுக்காக விடியலுக்கு முன்பே ஊர் கூடி நின்றது. சட்டைகளில் சிவப்பு பாப்பிப் பூ. பேச்சே இல்லை, ஒரு குழந்தை இருமியது மட்டும் கேட்டது. ஊருக்கு மேலே மலையில் பதித்திருக்கும் பெரிய கடிகாரம், 1968இல் வைத்ததாம், இருட்டில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இஞ்சியும் சின்ன வெங்காயமும் வாங்கப் போனால் கடைகள் எல்லாம் அடைப்பு. பகல் ஒரு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். மதியம் பெரியவர் வீட்டில் விருந்து.

அவர்கள் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை முதல் ஒன்று தலைகீழாகத் தொங்கியதைச் செவ்வாயன்றே பார்த்திருந்தேன். அடியில் ஒரு தகரக் கிண்ணம். அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நீண்ட காது, நுனியில் கறுப்பு, குதிரை போன்ற பின்னங்கால். மலையில் ஓடுவதை நாம் முயல் என்கிறோம், இதையும் முயல் என்கிறோம். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு விலங்கு. வளை தோண்டி, கூட்டமாக வாழ்ந்து, கண் திறக்காத, மயிரில்லாத குட்டியை ஈனுவது ஒன்று. நம் ஊரில் கூண்டில் வளர்ப்பது இதன் வழிவந்ததுதான். வளையே இல்லாமல் புல்லில் ஒரு குழிவில் தனியாகப் படுத்து, கண் திறந்த, மயிர் மூடிய குட்டியை ஈனுவது மற்றொன்று. நம் காட்டில் ஓடும் கருங்கழுத்து முயல் இந்த இரண்டாம் வகை. கொட்டகையில் தொங்கியதும் அதுதான்; இந்தக் குறிப்பில் அதைப் பெருமுயல் என்று எழுதிக்கொள்கிறேன். எடையும் இரு மடங்குக்கு மேல்: மலை முயல் ஒன்றரைக் கிலோ என்றால் இது மூன்றரை.

சமைக்கும் முறையும் நேர் எதிர். மலை முயலைச் சுட்டவுடன் குடலெடுக்க வேண்டும். பெருமுயலைக் குடலோடு ஐந்தாறு நாள் குளிரில் தொங்கவிடுவார்கள். இரத்தம் நெஞ்சுக் கூட்டில் இறங்கிச் சேரும். அம்மாள் அந்த இரத்தத்தைச் சேர்த்து, உறையாமலிருக்க ஒரு கரண்டி வினிகர் கலந்து எடுத்து வைத்தார். கறி கருஞ்சிவப்பு, ஈரல் போன்ற நிறம். துண்டுகளைப் பன்றிக் கொழுப்பில் சிவக்க வறுத்து, இந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயினை ஊற்றி, மலைத் தைமைக் கிள்ளிப் போட்டு, மூடி, இளஞ்சூட்டு அடுப்பில் மூன்று மணி நேரம். கடைசியில் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே இரத்தத்தை ஊற்றிக் கிளறினார். கொதித்தால் திரிந்துவிடுமாம். குழம்பு சாக்லேட் நிறத்தில் பளபளத்தது.

வாயில் வைத்ததும் நாற்பத்தைந்து ஆண்டு பின்னே போனேன். அதே வாசம்: புல், மண், கொஞ்சம் இரும்பு. அம்மா முயலை உரிக்க மாட்டாள். வைக்கோலில் வாட்டி, மயிரைச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவுவாள். மசாலா எல்லாவற்றையும் தாண்டி அந்த வாசம் வரும். அதை இந்தத் தேசத்தில் ஒரு அம்மாள் கையில் கண்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன். பல்லில் ஓர் ஈயக் குண்டு தட்டியது. யாரோ ஷாட்கன்னால் சுட்டது. அம்மாள் ஒரு சின்னத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதில் முன்பே மூன்று குண்டுகள் கிடந்தன.

தம்பி மகளுக்கு ஒன்பது வயது. தட்டைத் தொடவில்லை. "அத்தை, இது ஈஸ்டருக்கு முட்டை கொண்டுவரும் முயலா?" என்று என் காதில் கேட்டாள். இல்லை, இது வேறு வகை என்றேன். நம்பவில்லை. உருளைக்கிழங்கை மட்டும் தின்றாள். யாரும் வற்புறுத்தவில்லை, அம்மாள் உட்பட. அது எனக்குப் பிடித்தது.

ஏப்ரல் 26, வெள்ளி: ஒன்பது முயல்

நிலவு எழ நேரமாகும் நாளுக்காகக் காத்திருந்தோம். சூரியன் ஆறு மணிக்கு முன்பே விழுந்துவிட்டது; மலைக்குப் பின்னாலிருந்து நிலவு ஏறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நல்ல இருட்டு. பெரியவர் கிழக்குச் சரிவுக்கு மட்டும்தான் போனார். அங்கே இந்த ஆண்டு விஷம் வைக்கவில்லை. பிண்டோன், 1080 என்று இரண்டு விஷங்கள் இங்கே பழக்கத்தில் இருக்கின்றன, கேரட்டில் கலந்து தூவுவார்கள். நிலத்துக்காரரிடம் கேட்காமல் எந்த முயலையும் தின்னக் கூடாது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். வேலியில் எச்சரிக்கைப் பலகையையும் காட்டினார்.

விளக்கொளியில் முயலின் கண் சிவப்புக் கங்கு போல மின்னும். ஒளி பட்டதும் ஒரு கணம் உறைந்து நிற்கும். அந்த ஒரு கணம்தான். பெரியவர் தலையை மட்டுமே குறிவைத்தார். மெல்லிய தும்மல் போலச் சத்தம், முயல் சாயும். துடிப்பு இல்லை. எண்ணிக்கை ஏற ஏற நான் ஒவ்வொன்றையும் பார்க்கத்தான் வேண்டும் என்று பார்த்தேன். பதினொன்று. இரண்டில் குண்டு வயிற்றில் பாய்ந்து குடல் கலங்கியிருந்தது; அவை நாய்க்கு. மீதி ஒன்பது.

எடுத்தவுடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முயலை முன்கால்களைப் பிடித்துத் தூக்கி, அடிவயிற்றைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்தி, மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும். இதை மறந்தால் பின்தொடைக் கறி நாறும். பிறகு வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி, கத்தி நுனியால் மேலோட்டமாகக் கீற வேண்டும். ஆழம் போனால் இரைப்பை கிழிந்து அரைத்த புல் கறியெல்லாம் பரவும். என் முதல் முயலில் அது நடந்தது. பச்சை வாடை மூக்கைத் துளைத்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் கேனை நீட்டினார்.

ஈரலை எடுத்து விளக்கில் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஒட்டுண்ணி நோய். அந்த ஈரலைத் தூக்கிப்போட வேண்டும். ஒன்றில் இருந்தது. மற்ற எட்டிலும் ஈரல் ஒரே சீராக, கருஞ்சிவப்பில் வழவழத்தது. அதில் ஒட்டியிருக்கும் பித்தப்பையை உடையாமல் கிள்ளி எறிந்தேன். இது மட்டும் எனக்குக் கோழியிலேயே பழக்கம்.

கொட்டகைக்கு வந்ததும் தோலுரிப்பு. அம்மாள் முயலை முதலில் ஈரத்துணியால் துடைத்தார். காய்ந்த மயிர் பறந்து கறியில் ஒட்டினால் எத்தனை கழுவினாலும் போகாது. முதுகின் நடுவே குறுக்கே ஒரு சிறு வெட்டு. இரண்டு கைவிரல்களையும் உள்ளே விட்டு எதிரெதிர்த் திசையில் இழுத்தார். ஒரு பாதி தலைப்பக்கமாக, மறு பாதி காற்பக்கமாக, குழந்தைக்குச் சட்டையும் நிக்கரும் கழற்றுவது போலவே வந்துவிட்டது. மூன்று நிமிடம். எனக்கு முதல் முயலுக்கு இருபது நிமிடம், கடைசிக்கு எட்டு. விரல் மரத்துப்போய் ஐந்தாவதில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். அம்மாள் கட்டுப்போட்டு, மேலே ரப்பர் கையுறையை மாட்டிவிட்டு, அடுத்த முயலை என் கையிலேயே கொடுத்தார். அந்த மரியாதைக்காகவே வலி மறந்தது.

இளசா முற்றலா என்று பிரிப்பதற்கு மருமகளைக் கூப்பிட்டார்கள். காதைப் பிடித்துக் கிழிக்க வேண்டும். சுலபமாகக் கிழிந்தால் இளசு. அவள் கிழிக்க மறுத்துவிட்டு, நான் கிழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, "சுலபமா, கஷ்டமா?" என்று மட்டும் கேட்டுக் கேட்டு, தாளில் கோடு போட்டாள். இளசு ஐந்து, முற்றல் நான்கு.

கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மூடினோம். மணி பதினொன்றரை. முதுகு இரண்டாக ஒடிந்தது போல இருந்தது.

ஏப்ரல் 27, சனி: மிளகு வறுவல்

காலையில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. கொட்டிவிட்டு, முதுகுக் கறியின் மேல் நீலம் பாய்ந்த மெல்லிய சவ்வைக் கத்தியால் உரித்தேன். அதை விட்டால் வெந்ததும் சுருண்டு, கறியை ரப்பராக்கிவிடும்.

நான் வெட்டுக்கத்தியை ஓங்கியபோது அம்மாள் பதறிக் கையைப் பிடித்தார். ஆட்டுக்கறி மாதிரி கொத்தக் கூடாது; முயல் எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும், குழந்தை தொண்டையில் மாட்டும். மூட்டு மூட்டாகப் பிரிக்க வேண்டும். பின்தொடை இரண்டு, முன்னங்கால் இரண்டு, முதுகு மூன்று துண்டு. அம்மா எங்களுக்கு முயல் கறி போடும்போது ஒவ்வொரு துண்டையும் தடவித் தடவிப் பார்த்துப் போட்டது ஏன் என்று இப்போது தெரிந்தது.

காட்டு முயலில் கொழுப்பே கிடையாது. எண்ணெயைத் தாராளமாக விடாவிட்டால் நார்தான். டனீடின் இந்தியக் கடையில் தம்பி வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய் பாதி போத்தல் போயிற்று. முற்றல் முயல் நான்கின் தொடைகளையும் முன்னங்கால்களையும் மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு மூடி, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வேகவிட்டேன். குக்கர் இருந்தது, ஆனால் குக்கரில் வைத்தால் வெளியே குழைந்து, உள்ளே வறண்டுபோகும். இளசின் முதுகுத் துண்டுகளைத் தனியே வைத்து, கடைசியில் ஏழெட்டு நிமிடம் மட்டும் வாணலியில்.

மல்லி, மிளகு, சீரகம், சோம்பு வறுத்தாயிற்று. காய்ந்த மிளகாயைப் போட்டதும் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. நிற்கவே இல்லை. இரண்டு நிமிடத்தில் பெரியவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி வந்துவிட்டார், பின்னாலேயே அவர் நாய். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். கதவு ஜன்னலெல்லாம் திறந்து, குளிரிலேயே மீதிச் சமையல் நடந்தது.

சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி வலை ஆறு டாலர். கறிவேப்பிலை உறைபெட்டியில் இருந்ததுதான், வாசம் பாதி. வதக்கி, வெந்த கறியையும் சாற்றையும் ஊற்றி, சுண்டும்வரை கிளறி, இறக்கும்போது இடித்த மிளகு இரண்டு கரண்டி. ஈரல்களையும் சிறுநீரகங்களையும் தனியே உப்பு மிளகில் பிரட்டினேன். அது அடுப்படியிலேயே தீர்ந்தது.

பத்துப் பேர் சாப்பிட்டோம். சோறு, ரசம், வறுவல். அம்மாள் ஆப்பிள் இனிப்பு கொண்டுவந்தார். பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே நான்காவது துண்டை எடுத்தார். அறுபது ஆண்டாக முயலைச் சுடுகிறேன், தொட்டுத் தின்று இருபது ஆண்டாயிற்று என்றார். ஈஸ்டர் வாரத்தில் இந்த ஊரில் லயன்ஸ் சங்கம் நடத்தும் முயல் வேட்டைப் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட அணிகள் மலைமலையாகப் போய், ஆயிரக்கணக்கில் சுட்டுவந்து பூங்காவில் வரிசையாகக் கிடத்துவார்கள். எனக்கு அதைப் பார்க்க மனமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். அந்த வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த மண்ணையும் நினைத்துக்கொண்டேன். அதையும் சொன்னேன்.

மருமகள் ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு: புறப்பாடு

இளசு ஐந்தின் மீதித் துண்டுகளைப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி உறைபெட்டியில் வைத்தாயிற்று. ஏழு மணிக்கு அம்மாள் பனியில் நடந்து வந்தார். கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும். மிளகு எவ்வளவு, சோம்பு எப்போது, எண்ணெய் எது என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மிளகாயை வாசலில் வைத்து வறுங்கள் என்றேன். அதையும் எழுதினார். நல்லெண்ணெய் போத்தலை அவரிடமே கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கையிடுக்கில் வைத்துக்கொண்டு வேலியோரமாகத் திரும்பி நடந்தார்.